ஆமைக்கும் உண்டு வற்றல்!

களையைக் காய வைத்து மூட்டை கட்டுகிறார்கள்! குளிர்காலம் முழுவதும் கவலை இல்லை!

வயலில் களை எடுக்கிறோம். எடுத்த களையை என்ன செய்கிறோம்? வரப்பிலே வீசுகிறோம். மிஞ்சினால் மாட்டுக்குப் போடுகிறோம்.

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி போகிற பெரிய சாலையில் உள்ளது புதுவாயல். பெரியபாளையம் போகிற சாலை அங்கேதான் பிரிகிறது. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் போதும். வயல் வரப்பு, ஏரிக்கரை, வீட்டுப் புறக்கடை எங்கும் பச்சை பிடித்துவிடும். மூக்கிரட்டை, தொய்யக்கீரை, கரிசலாங்கண்ணி, துத்தி, அறுகம்புல் என்று ஆள் வைத்துப் பிடுங்கினாலும் தீராது.

இந்த மாதிரிக் களையைக் கூடை கூடையாகச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, பையில் போட்டுக் கட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்காக?

வீட்டில் வளரும் ஆமைக்காக!

இது நடப்பது நம் ஊரில் அல்ல. இங்கிலாந்தில். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம்முடைய பழமொழி. அங்கேயோ ஆமை செல்லப் பிள்ளை. பாட்டி வளர்த்த ஆமை பேரனுக்கு வரும். பேரன் வளர்த்தது அவன் மகளுக்குப் போகும். காரணம், ஆமைக்கு ஆயுள் கெட்டி.

ஆனால் அந்த ஆயுள் ஒரு பிடி இலையில் இருக்கிறது. அந்த இலை கிடைக்காத 4 மாதத்தை எப்படித் தாண்டுவது? அதுதான் கதை.

பனியில் பச்சை ஏது?

நமக்குக் கத்திரி வெயில் எப்படியோ, அப்படி அவர்களுக்குக் குளிர்காலம். கத்திரியில் இங்கே புல் கருகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே புல் வளராது. சில நாள் வெண்பனி மூடும். மரங்களில் இலை இருக்காது.

ஆமை என்ன செய்யும்?

நம் உடம்பு எப்போதும் ஒரே சூட்டில் இருக்கிறது. ஆமையின் உடம்பு அப்படி அல்ல. வெளியே சூடு என்றால் அதற்கும் சூடு. வெளியே குளிர் என்றால் அதற்கும் குளிர். குளிர் ஏற ஏற ஆமையின் நடை தளரும். பசி போய்விடும். தின்ற இலை செரிக்காது. கடைசியில் மண்ணைத் தோண்டி உள்ளே போய்த் தூங்கிவிடும். வசந்தம் வந்த பிறகுதான் எழுந்திருக்கும்.

இதை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து பார்த்து எழுதி வைத்தவர் ஒரு பாதிரியார்.

பாதிரியாரின் தோட்டத்து ஆமை

அவர் பெயர் கில்பர்ட் ஒயிட். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்தில் வாழ்ந்தவர். பறவை, பூச்சி, மழை, பயிர் என்று கண்ணில் பட்டதை எல்லாம் குறித்து வைப்பது அவருடைய பழக்கம். 1789இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் படிக்கிறார்கள்.

அவருடைய அத்தை ரிங்மர் என்ற ஊரில் ஒரு ஆமை வளர்த்தார். அதன் பெயர் டிமோத்தி. அத்தை காலமானபின், 1780 மார்ச் மாதம், அந்த ஆமையை ஒயிட் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். அப்போது அது மண்ணுக்குள் தூங்கிக்கொண்டு இருந்தது. மண்ணோடு தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். குதிரை வண்டியில் 80 மைல் பயணம்!

வண்டி குலுங்கிய குலுக்கலில் டிமோத்தி விழித்துக்கொண்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டு முறை நடந்து பார்த்தது. அன்று மாலையே மண்ணைத் தோண்டி உள்ளே போய்விட்டது! “இன்னும் காலம் வரவில்லை, எழுப்பாதீர்கள்” என்பது போல.

ஒயிட் 1793இல் இறந்தார். டிமோத்தி 1794இல் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஓட்டை ஆராய்ந்தபோதுதான் ஒரு செய்தி தெரிந்தது. டிமோத்தி ஆண் அல்ல, பெண்!

போர்க்கப்பலில் இன்னொரு டிமோத்தி

இதே பெயரில் இன்னொரு ஆமையும் உண்டு. 1854இல் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலில் பிடிபட்டது. ‘குயீன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வளர்ந்தது. அந்த ஆண்டு ரஷியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தைப் பீரங்கியால் தாக்கியபோது, ஆமையும் கப்பலில் இருந்தது.

பிறகு அது பௌடர்ஹாம் என்ற கோட்டையின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1926இல் அதற்கு ஜோடி சேர்க்க நினைத்தார்கள். பார்த்தால் இதுவும் பெண்! பெயரை மட்டும் மாற்றவில்லை. தனக்கு வயது அதிகம், தயவு செய்து தூக்காதீர்கள் என்ற பொருளில் ஒரு சீட்டை அதன் மேல் கட்டித் தொங்கவிட்டு இருந்தார்கள்.

2004 ஏப்ரலில் அது இறந்தபோது வயது சுமார் 160. பீரங்கி சுட்ட மாலுமிகள் போனார்கள். அவர்கள் பேரன்மாரும் போனார்கள். ஆமை மட்டும் இருந்தது.

வாங்கினார்கள், கொன்றார்கள்!

எல்லா ஆமைக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் மொராக்கோ முதலிய நாடுகளில் இருந்து லட்சக்கணக்கான ஆமைகளைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். மூட்டை போல் அடுக்கினார்கள். வழியிலேயே பல செத்தன. பிழைத்தவை கடைக்கு வந்தன. விலை மலிவு. குழந்தை கேட்டது என்று அப்பா வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் என்ன கொடுத்தார்கள்? ரொட்டி! பால்! கண்டதும் கொடுத்தார்கள். அன்பால்தான் கொடுத்தார்கள். ஆனால் ஆமையின் வயிறு இலைக்காக ஏற்பட்டது. நார் வேண்டும். சுண்ணாம்புச் சத்து வேண்டும். ரொட்டியில் அது ஏது?

குளிர்காலம் வந்தது. ஆமையை ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டு மூடினார்கள். வசந்தத்தில் திறந்து பார்த்தார்கள். எண்ணற்ற வீடுகளில், ஆமை எழுந்திருக்கவே இல்லை. குழந்தை அழுதது. அடுத்த மாதம் வேறு ஆமை வாங்கினார்கள்.

கடைசியில் அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. 1984இல் ஐரோப்பிய நாடுகள் இந்த வகை ஆமைகளைக் காட்டில் பிடித்து இறக்குமதி செய்து விற்பதற்குத் தடை போட்டன.

இறந்த ஆமைகள் ஒரு பாடம் கற்பித்துவிட்டுப் போயின. ஆமையை வைத்திருப்பவர், ஆமையின் வழிக்குத்தான் போக வேண்டும். நம் சாப்பாட்டை அதற்கு ஊட்டக் கூடாது.

குளிர்பதனப் பெட்டியில் ஆமை!

இப்போது அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? சிலர் ஆமையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துத் தூங்க வைக்கிறார்கள்!

சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. ஆமை தூங்குவதற்குச் சுமார் 5 டிகிரி குளிர் வேண்டும். கொட்டகையில் வைத்தால், ஒரு நாள் குளிர் கூடும். மறுநாள் குறையும். குளிர் 0 டிகிரிக்குக் கீழே போனால் ஆமையின் கண் பார்வையே போய்விடும். குளிர் குறைந்தாலோ அரைகுறையாக விழித்து, உடம்பில் உள்ள கொழுப்பைக் கரைத்துவிடும். பெட்டியில் குளிர் ஒரே சீராக இருக்கும். நல்ல காற்றுக்காக அவ்வப்போது கதவைத் திறந்து மூடுவார்கள். எடை குறைகிறதா என்று தராசில் வைத்துப் பார்ப்பார்கள்.

தூங்கப் போவதற்குச் சில வாரம் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் இலை செரிக்காமல் அழுகிவிடும். ஆமை தூக்கத்திலேயே இறந்துபோகும்.

ஆனால் எல்லா ஆமையும் தூங்குவது இல்லை. நோய்ப்பட்ட ஆமையைத் தூங்க வைப்பது ஆபத்து. வெப்ப நாட்டு ஆமைக்கு இந்தத் தூக்கமே கிடையாது. நம் நாட்டு நட்சத்திர ஆமை அந்த வகை. குளிரில் விட்டால் செத்துப்போகும்.

இவற்றை வீட்டுக்குள் விளக்குச் சூட்டில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சூடு கிடைத்ததும் ஆமைக்குப் பசி எடுக்கிறது. வெளியே ஒரு இலை இல்லை. கடையில் கிடைப்பது லெட்டூஸ் கீரை. அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். நார் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அதையே மாதக்கணக்கில் தின்றால் ஆமையின் ஓடு மென்மையாகும், எலும்பு கோணும்.

இந்த இக்கட்டில்தான் வற்றல் வந்து கைகொடுக்கிறது.

என்ன களை?

அவர்கள் முதலில் தேடுவது ‘டேன்டிலையான்’ என்ற களை. ‘சிங்கப் பல்’ என்று பொருள். இலையின் ஓரம் ரம்பம் போல் இருப்பதால் இந்தப் பெயர். மஞ்சள் பூ பூக்கும். விதை எருக்கம் பஞ்சு போலக் காற்றில் பறக்கும். தோட்டக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆமைக்கோ இதுதான் விருந்து. சுண்ணாம்புச் சத்து உள்ள இலை.

அடுத்தது ‘பிளான்டைன்’. வாழைக்காய்க்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். ஆனால் இது வாழை அல்ல, தரையோடு படரும் களை. மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குகிறோமே இசப்கோல், அதற்கு இது பங்காளி.

துத்தியின் இனத்தைச் சேர்ந்த ‘மேலோ’, மல்பெரி இலை, திராட்சை இலை, ரோஜா இதழ், செம்பருத்திப் பூ எல்லாம் பைக்குள் போகும். காஞ்சொறி போலத் தொட்டால் அரிக்கும் ‘நெட்டில்’ என்ற செடியையும் விடுவது இல்லை. காய்ந்துவிட்டால் அதன் அரிப்பு போய்விடும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். அரளி, ஊமத்தை, எருக்கு போன்ற நச்சுச் செடி கூடாது. பெயர் தெரியாத செடியைத் தொடக் கூடாது. பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ தெளித்த இடத்தில் பறிக்கக் கூடாது. லாரி ஓடும் சாலையின் ஓரத்தில் பறிக்கக் கூடாது. புகையும் தூசியும் இலையில் படிந்து இருக்கும்.

காய வைப்பது எப்படி?

நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரத் தேவை இல்லை. மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் போட்ட கைக்கு இது புதிது அல்ல.

கோடையில், பனி ஈரம் உலர்ந்த பிறகு இலையைப் பறிக்கிறார்கள். தழையாக, முற்றாமல் இருக்க வேண்டும். மண்ணை உதறுகிறார்கள். கழுவினால் நீரை நன்றாக வடிய விடுகிறார்கள். வலைத் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புகிறார்கள். அல்லது சிறு கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள்.

வெயிலில் வைப்பது இல்லை. நிழலில், காற்று வரும் இடத்தில் வைக்கிறார்கள். கடும் வெயிலில் இலையின் பச்சையும் சத்தும் போய்விடும் என்பது காரணம். கறிவேப்பிலையை நிழலில் உலர்த்துகிறோமே, அதே முறை.

தினம் ஒரு முறை புரட்ட வேண்டும். சில நாளில் இலை சருகாகும். கையில் எடுத்து நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். காம்பு வளைந்தால் போதாது, ஒடிய வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த இலை விஷம். ஒரு பிடி கெட்டால் மூட்டை முழுவதும் குப்பைக்குத்தான்.

பச்சை இலையில் 100க்கு 80, 90 பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கூடை இலை காய்ந்தால் சில பிடிதான் தேறும். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டும் என்றால், கோடை முழுவதும் பறிக்க வேண்டும்!

காய்ந்ததைத் துணிப் பையிலோ காகிதப் பையிலோ போட்டு, ஈரம் இல்லாத இருட்டான இடத்தில் வைக்கிறார்கள். தீனி போடும்போது ஒரு பிடி எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்கிறார்கள். இலை மறுபடியும் விரிகிறது. கோடை வாசனை வீசுகிறது. ஆமை கழுத்தை நீட்டுகிறது!

கூடவே ஒரு துண்டு கணவாய் ஓடும் வைப்பது உண்டு. ஆமை அதைக் கொறிக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு அதுவே மருந்து. பழவேற்காடு கடற்கரையில் நடந்தவர்களுக்கு அந்த வெள்ளை ஓட்டைத் தெரியும். அலை அதைச் சும்மா கொண்டுவந்து போடுகிறது.

கொல்கத்தா சாலையில் இரண்டு ஆமைகள்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

புதுவாயலைத் தொட்டுக்கொண்டு ஓடும் சாலை கொல்கத்தாவுக்குப் போகிறது. அந்தச் சாலையில் நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம் தாண்டினால் ஸ்ரீகாகுளம் வரும். அந்த மாவட்டத்தில் ஸ்ரீகூர்மம் என்ற கோவில். பெருமாள் கூர்ம அவதாரமாக, அதாவது ஆமை வடிவில் அருள் புரியும் தலம். அந்தக் கோவிலில் நட்சத்திர ஆமைகள் வளர்கின்றன. பக்தர்கள் அவற்றுக்குக் கீரை கொடுப்பார்கள்.

இன்னும் மேலே போனால் கொல்கத்தா. அங்கே அலிப்பூர் உயிரியல் பூங்காவில் ‘அத்வைதா’ என்ற பெரிய ஆமை இருந்தது. ராபர்ட் கிளைவ் வளர்த்த ஆமை என்று சொல்வார்கள். 2006 மார்ச்சில் இறந்தது. வயது 250 இருக்கும் என்பது பூங்காக்காரர்களின் கணக்கு. கோதுமைத் தவிடு, காரட், ஊற வைத்த கடலை, புல் என்று தின்று வாழ்ந்தது.

நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?

இந்த ஆசை வருவது இயற்கை. ஆனால் இங்கேதான் நிற்க வேண்டும்.

தூக்கினால் குற்றம்!

நட்சத்திர ஆமை குஜராத், ராஜஸ்தான் பக்கத்திலும், ஆந்திரா, தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலும், இலங்கையிலும் வாழ்கிறது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். அந்த அழகே அதற்கு எமன்.

காட்டில் பிடிக்கிறார்கள். நடக்காமல் இருக்க ஒட்டுநாடாவைச் சுற்றுகிறார்கள். துணிப் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ தடவை கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டு இருக்கின்றன. பிடிபடாமல் போனவை, எங்கோ குளிர் நாட்டில், விளக்குச் சூட்டில், வற்றல் தின்று வாழ வேண்டும். அல்லது சாக வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்த ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. 2019இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகளின் மாநாடும், காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையின் வியாபாரத்துக்குத் தடை விதித்தது.

ஆகவே வேலி ஓரத்தில் ஆமையைக் கண்டால் என்ன செய்வது?

புதரில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சாலையைக் கடக்கிறதா? வண்டி வராதபோது, அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். திரும்பி வந்த பக்கம் விட்டால், மறுபடியும் சாலையில் இறங்கும். காயம் பட்டு இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

யாராவது ஏற்கனவே வீட்டில் வைத்திருந்தாலும், புதரில் கொண்டுபோய் விடக் கூடாது. அதனிடம் நோய் இருந்தால் காட்டு ஆமைக்கும் பரவும். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை.

ஆமையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வழி இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1976இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போகலாம். குழந்தைகள் கண் குளிரப் பார்த்துவிட்டு வரலாம்.

வேலி ஓரத்துக் களை

புதுவாயல் பக்கத்தில் ஒரு பையன் வேலி ஓரத்தில் ஆமையைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். “பாட்டி, இதை வளர்க்கலாமா?” என்று கேட்கிறான்.

பாட்டி பழமொழியைச் சொல்லித் துரத்தினால் போதாது. ஆமை வந்தால் வீடு கெடாது. வீட்டுக்கு வந்தால் ஆமைதான் கெடும். அதைச் சொல்ல வேண்டும்.

“அதற்கு வேண்டியது எல்லாம் அந்த வேலியில் இருக்கிறது, கண்ணு. மழை பெய்தால் கீரை முளைக்கும். வெயில் அடித்தால் புதருக்குள் படுத்துக்கொள்ளும். நம் வீட்டில் என்ன இருக்கிறது? எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா” என்று சொல்ல வேண்டும்.

பச்சை இல்லாத ஊரில், ஒரு ஆமைக்காகக் கோடை முழுவதும் களை பறித்துக் காய வைக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலை இல்லை. வேலி ஓரத்துக் களையில் கொஞ்சத்தை மருந்து அடிக்காமல் விட்டுவைத்தால் போதும்.

ஆமை தானாகவே வந்து தின்றுவிட்டுப் போகும்!